ஒருவர் மாறக் கூடாது, ஒரு வகுப்பே மாறலாம்

எம்பிபிஎஸ் முதலாம் ஆண்டு ரிசல்ட் வந்துவிட்டது என்பது பேப்பர் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிடும். அலுவலகத்துக்கு வரும் போன் சொல்லிவிடும். "சார், பாப்பா ராஜஸ்தான்ல படிக்குது. ஆல் இண்டியா கோட்டால கெடச்ச சீட்டு. ஃபர்ஸ்ட் இயர் பாஸ் பண்ணிருச்சு. இங்க மதுரைக்கோ தேனிக்கோ மாத்திக் கொண்டுவந்துட முடியுமா? கேஸ் போட்டா கெடைக்கும்னு சொன்னாங்க." சொன்னவர் பெரும்பாலும் ஒரு சித்தப்பாவாக இருப்பார். சில சமயம் சீட்டு வாங்கித் தந்த ஏஜென்ட். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் கல்வி சம்பந்தமான ரிட் மனுக்களை நடத்துகிறவன் என்பதால் இந்த போன்கள் என்னிடம் வந்து சேர்கின்றன. ரொம்ப காலம் நான் சொல்லிவந்த பதில், "கஷ்டம்." 2023 ஜூனுக்குப் பிறகு, "முடியாது." 2025 நவம்பருக்குப் பிறகு, "பேப்பரை எல்லாம் எடுத்துட்டு வாங்க, பாப்போம்."

பதில் ஏன் இப்படி மாறி மாறி வருகிறது என்பதைத்தான் எழுதப் போகிறேன். சட்டப் புத்தக நடையில் இல்லை. அப்படி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

மருத்துவக் கல்லூரி மாற்றத்துக்கான விதி, 1997-இல் இந்திய மருத்துவக் கவுன்சில் கொண்டுவந்த பட்டப்படிப்பு ஒழுங்குமுறைகளில் இருந்தது. கல்லூரி மாறுவது மாணவரின் உரிமை அல்ல என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிற விதி அது. மிக அபூர்வமாக, இரக்கப்பட்டே ஆக வேண்டிய காரணம் இருந்தால் பரிசீலிக்கலாம். அப்படிப்பட்ட காரணங்களாக அது ஏற்றுக்கொண்டவை: படிக்கவைக்கும் பாதுகாவலர் இறந்துபோவது, உடற்குறைபாடு உண்டாகும் அளவுக்கு மாணவருக்கு நோய் வருவது, கல்லூரி இருக்கும் பகுதியில் நிலைமை சரியில்லை என்று அரசே அறிவிப்பது. கல்யாணம் ஆகிவிட்டது, மொழி புரியவில்லை, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, இதெல்லாம் எடுபடாது.

பின்னாளில் விதியைத் திருத்தி, நியாயமான எந்தக் காரணத்துக்காகவும் மாற்றம் கேட்கலாம் என்று கதவைக் கொஞ்சம் அகலத் திறந்தார்கள். திறந்த கையோடு வரிசையாகத் தாழ்ப்பாள்களையும் போட்டார்கள். போகிற கல்லூரியில் காலியிடம் இருக்க வேண்டும். ஒரு வருடத்தில் அந்தக் கல்லூரியின் மொத்த இடங்களில் 5 சதவீதத்துக்கு மேல் இப்படி நிரப்பக் கூடாது. அதாவது 100 இடம் உள்ள கல்லூரி என்றால் 5 பேர். இரண்டு கல்லூரிகளும் அங்கீகாரம் பெற்றவையாக இருக்க வேண்டும். ஒரே ஊருக்குள் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொரு கல்லூரிக்கு எக்காரணம் கொண்டும் மாற முடியாது. முதலாண்டுத் தேர்வு முடிவு வந்த ஒரு மாதத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். கிளினிக்கல் படிப்பு, அதாவது வார்டில் நோயாளிகளைப் பார்த்துப் படிக்கும் கட்டம், ஆரம்பித்த பிறகு எந்தக் காரணமும் செல்லாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நான்கு என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று.

அந்த நான்கு என்ஓசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பாதி வழக்குகள் பிறந்ததே அங்கேதான். இப்போது படிக்கும் கல்லூரி ஒன்று தர வேண்டும், அந்தக் கல்லூரி சேர்ந்திருக்கும் பல்கலைக்கழகம் ஒன்று, போக நினைக்கும் கல்லூரி ஒன்று, அதன் பல்கலைக்கழகம் ஒன்று. நான்கையும் கோத்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் மாற்றம் என்றால் மருத்துவக் கல்வி இயக்குநருக்கு, மாநிலம் விட்டு மாநிலம் என்றால் டெல்லியில் இருக்கும் கவுன்சிலுக்கு.

கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஒரு அப்பா பிளாஸ்டிக் கவரில் கொண்டுவந்து என் மேஜையில் பரப்பிய காகிதங்களைச் சொல்கிறேன். போக நினைத்த கல்லூரியின் டீன் எழுதியிருந்தார்: "காலியிடம் இருப்பின், உரிய அதிகாரியின் ஒப்புதலுக்கு உட்பட்டு, ஆட்சேபணை இல்லை." அந்தப் பல்கலைக்கழகத்தின் பதிவாளர்: "தற்போது பயிலும் கல்லூரியின் தடையில்லாச் சான்று கிடைக்கப்பெற்ற பின் பரிசீலிக்கப்படும்." தற்போது பயிலும் கல்லூரி ஒரு தனியார் கல்லூரி. அவர்கள் எழுத்தில் எதுவும் தரவில்லை. மீதி வருடங்களுக்கான ஃபீஸ் முழுவதையும் கட்டினால் மறுநாளே தருகிறோம் என்று ஆபீஸில் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர்களுடைய பல்கலைக்கழகமோ, கல்லூரி மூலமாக வரும் விண்ணப்பத்தைத்தான் வாங்குவோம் என்று அவரைக் கவுன்டரிலேயே திருப்பிவிட்டது. ஒவ்வொருவரும் அடுத்தவர் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறார்கள். யாருமே மறுக்கவில்லை, யாருமே கொடுக்கவும் இல்லை. மறுத்திருந்தால் எனக்கு வேலை சுலபம். மறுப்பு ஆணை ஒன்று கையில் இருந்தால் அதை ரத்து செய்யச் சொல்லி மனு போடலாம். மௌனத்தை எப்படி ரத்து செய்யச் சொல்வது? இதற்கு நடுவில் அந்த ஒரு மாதம் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இந்த மாதிரி வழக்கு எப்படித் தோற்கும் என்பது வெளியே இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. வாதத்தில் தோற்பது குறைவு, காலண்டரில் தோற்பதுதான் அதிகம். ரிசல்ட் வருகிறது. ஒரு மாதம் என்ஓசிக்காக அலைகிறார்கள். அப்புறம் வக்கீலைத் தேடுகிறார்கள். மனு தயாராகி, நம்பராகி, லிஸ்டில் வருவதற்குள் அங்கே இரண்டாம் ஆண்டு வகுப்பு தொடங்கிவிடுகிறது. நோட்டீஸ் போய், எதிர்த்தரப்பு பதில் மனு போட அவகாசம் கேட்டு, அது வந்து சேரும்போது மாணவர் வார்டில் நின்று பேஷன்ட்டிடம் ஹிஸ்டரி எடுத்துக்கொண்டிருப்பார். இப்போது கவுன்சில் தரப்பு எழுந்து நின்று, கிளினிக்கல் படிப்பு ஆரம்பித்துவிட்டது, இனி எக்காரணம் கொண்டும் மாற்ற முடியாது என்று விதியைப் படிக்கும். விதி அப்படித்தான் சொல்கிறது, பொய் இல்லை. மனு பயனற்றுப் போனதாக முடித்துவைக்கப்படும். இடைக்கால உத்தரவு வாங்கிப் புதுக் கல்லூரியில் உட்கார வைத்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். மருத்துவ மாணவர் சேர்க்கையில் இடைக்கால உத்தரவு கொடுப்பதற்கு நீதிமன்றங்கள் ரொம்பத் தயங்கும். பின்னால் மனு தோற்றால் அந்தப் பிள்ளை இரண்டு கல்லூரிக்கும் இல்லாமல் நடுவில் நிற்குமே என்ற பயம் நியாயமானதுதான்.

எதிர்த்தரப்பின் முதல் ஆட்சேபணை பெரும்பாலும் வேறாக இருக்கும்: இந்த நீதிமன்றத்துக்கு அதிகார வரம்பே இல்லை. பெண் படிப்பது வேறு மாநிலத்தில், கவுன்சில் இருப்பது டெல்லியில், மதுரையில் ஏன் மனு? வர நினைக்கிற கல்லூரி இங்கே இருக்கிறது, என்ஓசி மறுக்கப்பட்டது இங்கே என்று நாங்கள் பதில் சொல்வோம். அரசமைப்புச் சட்டத்தின் 226(2) அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் இதைப் பேசி முடிப்பதற்குள் ஒரு மாதம் போயிருக்கும்.

கொஞ்சம் நல்ல முடிவு என்றால் அது பரிசீலிக்கச் சொல்லும் உத்தரவு. "மனுதாரரின் விண்ணப்பத்தைத் தகுதியின் அடிப்படையிலும் சட்டப்படியும் இத்தனை வாரங்களுக்குள் பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும்." இந்த ஒரு வாக்கியத்தோடு எத்தனையோ ரிட் மனுக்கள் முடிந்திருக்கின்றன. வெளியே வந்ததும் அப்பா கையைப் பிடித்துக்கொள்வார், "ஜெயிச்சுட்டோமா சார்?" என்று. என்ன சொல்வது? எந்த அலுவலகம் வாயைத் திறக்கவில்லையோ, அதே அலுவலகத்துக்கு இப்போது நீதிமன்ற முத்திரையோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் பரிசீலிப்பார்கள். பரிசீலித்து, விதிகளில் இடமில்லை என்று மூன்று வரியில் எழுதி அனுப்புவார்கள். ஆனாலும் அந்த மூன்று வரிக்கு ஒரு மதிப்பு உண்டு. இப்போதுதான் ரத்து செய்யச் சொல்வதற்கு ஒரு ஆணை கையில் கிடைத்திருக்கிறது. ஆனால் அதற்குள் செகண்ட் எம்பிபிஎஸ் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வந்திருக்கும்.

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். மகள் வெளிமாநிலத்தில் படிக்கிறாள், ரிசல்ட் வந்து மூன்று மாதம் கழித்து அவருடைய கணவர் மாரடைப்பில் போய்விட்டார். லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தியவர். பாதுகாவலர் இறந்தால் இரக்கம் காட்டலாம் என்ற யோசனை விதிக்கு எப்போதுமே உண்டு. ஆனால் ரிசல்ட் வந்த ஒரு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் அதே விதி. மூன்றாம் மாதத்தில் இறந்தவருக்காக முதல் மாதத்திலேயே எப்படி விண்ணப்பிப்பது? இதை நான் கொஞ்சம் குரலை உயர்த்தியே கேட்டேன். நீதிபதிக்கும் மனசு இல்லாமல் இல்லை. கவுன்சிலின் வழக்கறிஞர்கூட வெளியே காரிடாரில், "ஜென்யூன் கேஸ்தான் சார், ஆனா ரூல்ல எங்க எடம்?" என்றார். பரிசீலிக்க உத்தரவு வந்தது. பரிசீலித்தார்கள். கிளினிக்கல் படிப்பு தொடங்கிவிட்டதால் இயலாது. அந்த அம்மா புக்கிங் ஆபீஸை ஒத்திக்கு விட்டு மகளை அங்கேயே படிக்கவைத்தார்.

இப்படிச் சொல்வதால், யார் கேட்டாலும் மாற்றிக் கொடுத்துவிட வேண்டும் என்று நான் நினைப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கட்டுப்பாடு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீட் தரவரிசையில் மேலே இருப்பவர் சென்னை மருத்துவக் கல்லூரியை எடுக்கிறார். பத்து மதிப்பெண் குறைந்தவர் அதே சென்னையில் இடம் கிடைக்காமல் ஊரை விட்டு எங்கேயோ போகிறார். அவருக்கும் பின்னால் இருந்த ஒருவர் தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்து, ஒரு வருடம் கழித்து நான்கு கையெழுத்தை எப்படியோ வாங்கி, சில ஆயிரம் ரூபாய் ஃபீஸில் அரசுக் கல்லூரியில் வந்து உட்கார்ந்தால் கவுன்சிலிங் எதற்கு? போனில் பேசுகிறவர்களில் கணிசமானவர்கள் இந்த வகை. "ஹாஸ்டல்ல தண்ணி சரியில்ல சார்" என்று ஆரம்பித்து, மூன்றாவது நிமிடத்தில் ஃபீஸ் பேச்சு வந்துவிடும். அவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். ஏற்கெனவே ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள், என்னிடமிருந்து இன்னொருவரிடம் போவார்கள். அது அவர்கள் பாடு.

ஆகவே 2020 செப்டம்பரில் பழைய கவுன்சில் போய், தேசிய மருத்துவ ஆணையம் வந்தபோது, இந்த நான்கு கையெழுத்து விவகாரத்தை ஒழுங்குபடுத்துவார்கள் என்று நினைத்தேன். காலியிடப் பட்டியலை வெளிப்படையாகப் போட்டு, காரணங்களை வரையறுத்து, தரவரிசையைப் பார்த்து ஒரு குழு முடிவு செய்யலாம். அதைச் செய்ய ஒரு பெரிய மூளை தேவையில்லை. அவர்கள் அதைவிடச் சுலபமான வழியைக் கண்டுபிடித்தார்கள். 2023 ஜூனில் வந்த புதிய பட்டப்படிப்பு ஒழுங்குமுறைகளின் 18-ஆவது விதி: ஒரு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த எந்த மாணவரும் வேறொரு கல்லூரிக்கு மாற்றம் கேட்கக் கூடாது. அவ்வளவுதான். இரக்கம், நோய், மரணம், கலவரம் எல்லாம் போயின. முதுநிலைப் படிப்புக்கு இந்தத் தடை முன்பே இருந்தது. இப்போது எம்பிபிஎஸ்ஸுக்கும்.

அந்த விதி வந்த நேரத்தைக் கவனித்தீர்களா? மணிப்பூரில் கலவரம் மூண்டது 2023 மே 3. இம்பால் மருத்துவக் கல்லூரிகளில் படித்த குக்கி மாணவர்கள் உயிர் தப்பினால் போதும் என்று மலைப்பகுதிக்கு ஓடினார்கள். அந்தப் பக்கம் சுராசந்த்பூரில் ஒரு புதிய மருத்துவக் கல்லூரி இருந்தது. அங்கே உட்கார்ந்து படிப்பைத் தொடரவும் பரீட்சை எழுதவும் அவர்கள் பட்ட பாடு தனிக்கதை. கல்லூரிப் பகுதியில் நிலைமை சரியில்லை என்று அரசு அறிவித்தால் மாறலாம் என்று பழைய விதி யோசித்துவைத்திருந்தது இதே மாதிரி ஒரு நிலைமையைத்தான். அந்த ஊர் எரிந்துகொண்டிருந்தபோது டெல்லியில் அச்சான புதிய விதியில் அப்படி ஒரு வரி இல்லை.

சரி, இனி தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். மாற்றமே கூடாது என்பதற்கு ஆணையம் சொல்லும் காரணங்கள் இரண்டு: கல்வித் தரம், அனுமதிக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கை. ஒரு மாணவர் நடுவில் வந்தால் தரம் குலையும், 150 இடம் என்றால் 151 ஆகக் கூடாது. ஆனால் ஒரு கல்லூரியே படுத்துவிட்டால் இந்த இரண்டு காரணங்களும் எங்கே போகின்றன?

பஞ்சாபில் பனூர் என்ற ஊருக்குப் பக்கத்தில் கியான் சாகர் மருத்துவக் கல்லூரி. பேர்ல்ஸ் குழுமத்தோடு சம்பந்தப்பட்டது. நிலம் வாங்கித் தருகிறோம் என்று ஊர் ஊராகப் பணம் வசூலித்த பிஏசிஎல் நிறுவனத்தை நம் பக்கத்திலும் பலருக்கு ஞாபகம் இருக்கும், அதே குழுமம்தான். 2010 ஏப்ரலில், இந்தக் கல்லூரிக்கு அனுமதி கொடுப்பதற்காக லஞ்சம் வாங்கினார் என்ற குற்றச்சாட்டில்தான் மருத்துவக் கவுன்சிலின் அப்போதைய தலைவரை சிபிஐ கைது செய்தது. பிஏசிஎல் சொத்துகள் முடங்கின. கல்லூரியில் பேராசிரியர்களுக்கும் நர்ஸ்களுக்கும் சம்பளம் வரவில்லை. ஸ்டிரைக். 2017-இல் பஞ்சாப் அரசு, கல்லூரி தொடங்கத் தான் கொடுத்திருந்த எசென்ஷியாலிட்டி சர்டிஃபிகேட்டைத் திரும்பப் பெற்றது. அங்கே படித்த நூற்றுக்கணக்கான எம்பிபிஎஸ் மாணவர்கள் மாநிலத்தின் மற்ற மருத்துவக் கல்லூரிகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். முதலாண்டு மட்டுமல்ல, கிளினிக்கலில் இருந்தவர்களும். கூத்து என்னவென்றால், அடுத்த வருடமே கல்லூரி மறுபடியும் திறந்துகொண்டது.

தெலங்கானாவில் 2022 மே மாதம் இன்னொன்று. சங்காரெட்டி எம்என்ஆர், படான்செரு டிஆர்ஆர், விகாராபாத் மகாவீர் ஆகிய மூன்று தனியார் கல்லூரிகளுக்கு 2021-22 வருடத்துக்குக் கொடுத்த அனுமதியைத் தேசிய மருத்துவ ஆணையம் விலக்கிக்கொண்டது. கல்லூரிக்கு 150 எம்பிபிஎஸ் இடங்கள். அனுமதி இருக்கிறது என்று நம்பித்தான் அரசே கவுன்சிலிங் நடத்தி மாணவர்களை அங்கே அனுப்பியிருந்தது. வகுப்பும் தொடங்கியிருந்தது. பிள்ளைகள் மாதக்கணக்கில் எந்தக் கல்லூரி மாணவர் என்று சொல்லிக்கொள்ள முடியாமல் இருந்தார்கள். கடைசியில் அந்த வருட இறுதி நெருங்கும்போது, மாநில சுகாதாரப் பல்கலைக்கழகம் தனியாக ஒரு கவுன்சிலிங் நடத்தி, மற்ற கல்லூரிகளில் கூடுதல் இடங்களை உருவாக்கி அவர்களை உட்கார வைத்தது. 150 இடம் இருந்த கல்லூரிகள் அதற்கு மேலும் எடுத்துக்கொண்டன. தரம் இடிந்து விழவில்லை.

நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. செய்தது சரி, செய்யாமல் இருந்தால்தான் அக்கிரமம். இதற்குச் சட்ட அடிப்படையும் உண்டு, பலர் கவனிக்காத ஒரு இடத்தில். ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி தொடங்கும்போது மாநில அரசு கொடுக்கும் எசென்ஷியாலிட்டி சர்டிஃபிகேட் என்பது, இந்த ஊருக்கு ஒரு மருத்துவக் கல்லூரி தேவை என்று மட்டும் சொல்லும் காகிதம் இல்லை. அதன் கடைசியில் ஒரு உறுதிமொழி இருக்கிறது: கல்லூரி கட்டமைப்பை உருவாக்கத் தவறி, புதிய சேர்க்கை நிறுத்தப்பட்டால், ஏற்கெனவே சேர்ந்த மாணவர்களின் பொறுப்பை மத்திய அரசின் அனுமதியோடு மாநில அரசு ஏற்றுக்கொள்ளும். கையெழுத்துப் போட்ட உறுதிமொழி. கல்லூரிகள் கவிழ்ந்த வழக்குகளில் மாணவர் தரப்பு பிடித்துக்கொள்ளும் முதல் கொம்பு இதுதான்.

கல்லூரி செத்தால் மாணவரைக் காப்பாற்ற எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. மாணவரின் அப்பா செத்தால் அப்படி ஒரு வரி இல்லை. இருந்த வரியையும் 2023-இல் எடுத்துவிட்டார்கள். அப்படியானால் இந்த விதிகளின் கவலை எது? தரமா? தரம் என்றால் 1 மாணவர் வருவதைவிட 50 மாணவர்கள் வருவதுதான் அதிகம் பாதிக்கும். எனக்குத் தோன்றுவது இது: இந்த அமைப்புக்குத் தெரிந்ததெல்லாம் இடங்கள்தான். ஒரு இடம் எங்கே இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது, எத்தனை இடம். இடத்துக்கு ஆபத்து என்றால் அசையும். இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு ஆபத்து என்றால் அசையாது.

உக்ரைன் விவகாரத்தில் இது இன்னும் வெளிச்சமாகத் தெரிந்தது. 2022 பிப்ரவரியில் போர் தொடங்கி, பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய மாணவர்கள் அடித்துப்பிடித்து ஊர் திரும்பினார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் ஏராளம். இங்கேயே படிப்பைத் தொடர வழி செய்யுங்கள் என்று முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மேற்கு வங்க அரசு தன் கல்லூரிகளில் இடம் கொடுக்க முன்வந்தது, மத்திய அரசு கூடாது என்றுவிட்டது. உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசு தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம் கொஞ்சம் கடுமையாகவே இருந்தது. நீட்டில் மதிப்பெண் குறைவு என்பதாலோ செலவு குறைவு என்பதாலோதான் இவர்கள் வெளிநாடு போனார்கள், இவர்களை இங்கே சேர்த்தால் இங்கே இடம் கிடைக்காதவர்கள் வழக்குப் போடுவார்கள் என்ற தொனி. சட்டப்படி அந்த வாதத்தில் பலம் இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் குண்டுக்குப் பயந்து பங்கருக்குள் இருந்துவிட்டு வந்த பிள்ளையிடம் உன் ரேங்க் என்ன என்று கேட்பதற்கு ஒரு நேரம் காலம் வேண்டாமா?

முடிவு இப்படி வந்தது. 2022 செப்டம்பரில், வேறு நாட்டுப் பல்கலைக்கழகங்களில் படித்து முடித்து, உக்ரைன் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே பட்டம் வாங்கிக்கொள்ள ஆணையம் ஒப்புக்கொண்டது. ஜார்ஜியாவுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் போனவர்கள் உண்டு. இறுதியாண்டில் இருந்து, ஆன்லைனில் பாடத்தை முடித்தவர்கள் விஷயத்தில், எந்த இந்தியக் கல்லூரியிலும் சேராமலே எம்பிபிஎஸ் இறுதித் தேர்வின் இரண்டு பகுதிகளையும் எழுதலாம் என்று நிபுணர் குழு சொன்னதாக மத்திய அரசு தெரிவித்தது. ஒரே வாய்ப்பு என்பதை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இரண்டாக்கியது. தேறினால் இரண்டு வருட இன்டர்ன்ஷிப், முதல் வருடம் சம்பளம் கிடையாது. யோசித்துப் பாருங்கள். பரீட்சை எழுதலாம், ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் வேலை பார்க்கலாம், ஆனால் ஒரு கல்லூரியின் வருகைப் பதிவேட்டில் பெயர் மட்டும் ஏறக் கூடாது.

வெளிநாட்டுக்குப் பிள்ளையை அனுப்ப நினைப்பவர்களுக்கு நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2021 நவம்பரில் வந்த விதிப்படி, குறைந்தது 54 மாதப் படிப்பும் 12 மாத இன்டர்ன்ஷிப்பும் ஒரே வெளிநாட்டுக் கல்லூரியில் நடந்திருக்க வேண்டும். "ஒரு வருஷம் அங்க படிக்கட்டும், அப்புறம் நல்ல யூனிவர்சிட்டிக்கு மாத்திடலாம்" என்று சொல்லும் ஏஜென்டிடம், இந்த விதியை எழுத்தில் காட்டி விளக்கச் சொல்லுங்கள்.

இனி 2025 நவம்பர். ராஜஸ்தானின் பார்மர் அரசு மருத்துவக் கல்லூரியில் படித்த, 40 சதவீதப் பார்வைக் குறைபாடு உள்ள ஒரு மாணவர், டெல்லியில் உள்ள மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு மாற்றம் கேட்டார். பார்மர் என்பது தார் பாலைவனம். 18-ஆவது விதியைக் காட்டி ஆணையம் மறுத்தது. அவர் டெல்லி உயர் நீதிமன்றம் போனார். அந்த மறுப்பு ஆணையோடு விதியையும் சேர்த்தே எதிர்த்தார். தலைமை நீதிபதி தேவேந்திர குமார் உபாத்யாயா தலைமையிலான அமர்வு, 18-ஆவது விதியை ரத்து செய்தது. முழுத்தடை என்பது வெளிப்படையாகவே தன்னிச்சையானது, சமத்துவத்தைச் சொல்லும் 14-ஆவது பிரிவுக்கு எதிரானது, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் நோக்கத்துக்கும் ஒத்துவராதது என்று தீர்ப்பு சொன்னது. மாற்றத்துக்கு நிபந்தனை போடும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு, ஒரேயடியாகக் கதவைச் சாத்தும் அதிகாரம் இல்லை. ஒரு வசதியைத் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்பதற்காக, அது உண்மையிலேயே தேவைப்படுகிறவருக்கும் மறுக்க முடியாது என்பதுதான் அதன் உயிர்நாடி. காரிடாரில் அந்த வக்கீல் என்னிடம் சொன்ன "ரூல்ல எங்க எடம்?" என்ற கேள்விக்கு இப்படி ஒரு பதில் இருக்கிறது என்று படித்தபோது தோன்றியது: ரூலில் இடம் இல்லை என்பதுதான் ரூலின் குற்றம்.

அந்த மாணவர் விஷயத்திலும் கடைசி உத்தரவு, அவருடைய கோரிக்கையை ஆணையம் பரிசீலிக்க வேண்டும் என்பதுதான். பரிசீலிக்கச் சொல்லும் உத்தரவு இங்கேயும் விடவில்லை. ஆனால் இந்தமுறை, முடியாது என்று மூன்று வரியில் எழுத அவர்கள் கையில் இருந்த விதி போய்விட்டது. அது பெரிய வித்தியாசம்.

டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது தமிழ்நாட்டு மாணவருக்குச் செல்லுமா என்று உடனே கேட்கிறார்கள். நாடாளுமன்றச் சட்டம் ஒன்று அரசமைப்புக்கு முரண் என்று ஒரு உயர் நீதிமன்றம் சொன்னால், அந்தச் சட்டம் செல்லுபடியாகும் எல்லா இடங்களிலும் அந்தத் தீர்ப்புக்கு விளைவு உண்டு என்று 2004-இல் குசும் இங்காட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே தர்க்கம் நாடு முழுவதற்கும் ஆணையம் போட்ட ஒழுங்குமுறைக்கும் பொருந்தும் என்றுதான் நான் வாதாடுவேன். எதிர்த்தரப்பு சும்மா இருக்காது. மேல்முறையீடு என்ற வழியும் எப்போதும் உண்டு. ஆகவே போனில் கேட்கிறவர்களுக்கு நான் உத்தரவாதம் எதுவும் தருவதில்லை.

முழுத்தடை கூடாது என்றால் அதன் இடத்தில் என்ன வர வேண்டும் என்பதுதான் இனி சண்டை. பழைய நான்கு என்ஓசி முறையே திரும்பி வந்தால் நான் சந்தோஷப்பட மாட்டேன். படிக்கும் கல்லூரியின் சம்மதம் எதற்கு? ஃபீஸ் பாக்கி என்றால் அது தனி வழக்கு. அதற்காக ஒரு பிள்ளையைப் பணயமாகப் பிடித்துவைக்கும் அதிகாரத்தைக் கல்லூரி ஆபீஸுக்குக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு மாதக் கெடு ரிசல்ட் தேதியிலிருந்து அல்ல, காரணம் நேர்ந்த தேதியிலிருந்து ஓட வேண்டும். கிளினிக்கலில் மாறக் கூடாது என்பதற்கு பனூர் மாணவர்களே பதில். தரவரிசையைத் தாண்டி நல்ல கல்லூரிக்குப் போய்விடுவார்கள் என்ற பயம் இருந்தால், அந்தக் கல்லூரியில் அந்த வருடம் அந்தப் பிரிவில் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண்ணையும் இவருடைய மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்ற வழக்குகளுக்கு மட்டும் அந்த ஒப்பீட்டிலிருந்து விலக்கு கொடுக்கட்டும். குழுவுக்கு மூன்று வாரம் போதும்.

காலியிடமே இல்லையே என்பார்கள். இருக்கிறது. முதலாண்டில் சேர்ந்துவிட்டு மறுபடி நீட் எழுதி வேறு கல்லூரிக்குப் போகிறவர்கள், நின்றுவிடுகிறவர்கள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. சேர்க்கைக் கெடு முடிந்த பின் அப்படிக் காலியாகும் இடம் அந்த பேட்ச் படித்து முடிக்கும் வரை காலியாகவே கிடக்கும். ஒரு டாக்டரை உருவாக்க அரசு செலவு செய்து வைத்திருக்கும் இடம் சும்மா கிடக்கிறது, அதற்குப் பக்கத்து மாவட்டத்துப் பெண் எங்கோ பாலைவனத்தில் இருக்கிறாள். எந்தக் கல்லூரியில் எந்த பேட்ச்சில் எத்தனை இடம் இப்படிக் கிடக்கிறது என்ற பட்டியலை யாரும் வெளியிடுவதில்லை. ஆகவே மாற்றம் கேட்டு என்னிடம் வருகிறவர்களிடம், வக்கீல் ஃபீஸைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், போக நினைக்கும் கல்லூரிக்கு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனு ஒன்றை எழுதச் சொல்கிறேன். 10 ரூபாய்தான். அந்த பேட்ச்சில் அனுமதிக்கப்பட்ட இடம் எத்தனை, இன்று வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயர் எத்தனை, இந்த இரண்டு கேள்வி மட்டும். பதில் தர 30 நாள் இருக்கிறது அவர்களுக்கு. அதனால் ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் மனுவை இப்போதே போட்டுவிடுங்கள்.